அணையில் குண்டு போட்டால் என்ன ஆகும், டீச்சர்?

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்குத் தொலைதூர நாடுகளே நினைவுக்கு வருகின்றன. உக்ரைன், காசா, சூடான் என்று செய்தித்தாளில் படிக்கிறோம். ஞாயிறு திருப்பலியின் மன்றாட்டுகளில் உலக அமைதிக்காக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நம் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு எளிதில் முடிந்துவிடுவதில்லை.

2025ஆம் ஆண்டு மே மாதத்தை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 7 அன்று இந்தியா பாகிஸ்தானுக்குள் தாக்குதல் நடத்தியது. அதே நாளில் நாடெங்கும் போர்க்கால ஒத்திகை நடந்தது. நம் மாநிலத்தில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது. மே 10 அன்று சண்டை நின்றது. மறுநாள் ஞாயிறு, பொறுப்பேற்று மூன்றே நாளான திருத்தந்தை பதினான்காம் லியோ அதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். நாமும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஆனால் அந்த நாள்கள் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. பிள்ளைகள் காலை முதல் இரவு வரை தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முன்னால் இருந்தார்கள். ஜூன் 2 அன்று பள்ளி திறந்தபோது புத்தகப் பையோடு இதையும் சுமந்துகொண்டுதான் வகுப்புக்கு வந்தார்கள். முதல் நாளே பாடத்தைத் தொடங்கிவிட்ட வகுப்புகளில் அந்தச் சுமையை இறக்கி வைக்க இடம் இருந்திருக்காது.

மேட்டூர்ப் பிள்ளைக்கு இதில் தனிப்பட்ட கவலை ஒன்று உண்டு. "நம்ம டேம்ல குண்டு போட்டா என்ன ஆகும், டீச்சர்?" அணைக்கட்டின் நிழலில் வளரும் பிள்ளைக்கு வேறு எந்தக் கேள்வி முதலில் வரும்? 1934இல் திறக்கப்பட்ட அணை, நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. தண்ணீர். மூன்றாம் வகுப்பிலேயே இந்த எண்களைப் பொது அறிவாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அந்தப் பிள்ளை எண்களை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு நாம் பொதுவாக இரண்டு விதமாகப் பதில் சொல்கிறோம். "அதெல்லாம் உனக்கு எதற்கு, படிக்கிற வேலையைப் பார்" என்பது ஒன்று. "அவன் போட்டால் நாம் பத்து போடுவோம்" என்பது இன்னொன்று. முதல் பதில் பிள்ளையின் வாயை மூடுகிறது. இரண்டாவது பதில் பிள்ளையின் கையில் கல்லைக் கொடுக்கிறது. இரண்டிலும் அதன் பயம் அப்படியே இருக்கிறது. வாய் மூடிய பிள்ளை தெரிந்துகொள்வதை நிறுத்திவிடுவதும் இல்லை. தெருவிலும் கைப்பேசியிலும் தெரிந்துகொள்கிறது. அங்கே யாரும் வயது பார்த்துப் பேசுவதில்லை.

அப்படியானால் என்ன சொல்லலாம்? உண்மையைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் பிள்ளை தூக்கக்கூடிய அளவில். சண்டை நடந்த எல்லை மேட்டூரிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்பதை இந்திய வரைபடத்தைச் சுவரில் மாட்டி, நூலால் அளந்து காட்டலாம். பெங்களூருக்கு இவ்வளவு நூல், எல்லைக்கு இவ்வளவு நூல். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கண்ணால் கண்ட அந்த நூல், நாம் சொல்லும் பத்து ஆறுதல் வார்த்தைகளைவிட மேலானது. அணைகளையும் அணுமின் நிலையங்களையும் தாக்கக் கூடாது என்று 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களுடன் சேர்க்கப்பட்ட நெறிமுறை சொல்கிறது என்பதையும் சொல்லலாம். "அப்படி ஒரு சட்டம் இருந்தும் யாராவது மீறுவார்களா?" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் மழுப்பக் கூடாது. மீறல்கள் நடக்கின்றன. 2023 ஜூன் 6 அன்று உக்ரைனில் நீப்பர் ஆற்றின் ககோவ்கா அணை போரின் நடுவே உடைந்து ஊர்கள் மூழ்கின. நம் மேட்டூர் நீர்த்தேக்கத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு கொள்ளளவு அதற்கு. இதை நாமாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; கேட்ட பிள்ளைக்குப் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. "எதுவுமே நடக்காது" என்று சத்தியம் செய்து கொடுப்பதைவிட, "பார்த்துக்கொள்ள ஆள்கள் இருக்கிறார்கள், நாங்களும் உன்னோடு இருக்கிறோம்" என்பது நேர்மையான பதில்.

இன்னொன்றும் சொல்லலாம். இது பெரியவர்களில் பலருக்கும் தெரியாத செய்தி. ஒருவர் மற்றவரின் அணுமின் நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் இரு நாடுகளும் அந்த நிலையங்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன. 1999இல் கார்கில் போர் நடந்தது. அதற்குப் பின்னரும் பட்டியல் போய் வந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் தொடங்கிவைத்த உலக அமைதி நாளும் அதே ஜனவரி முதல் நாள்தான். வகுப்பில் பேச்சு வார்த்தையில்லாமல் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். பேச்சு இல்லாவிட்டாலும் ஒருவர் ஸ்லேட்டை மற்றவர் உடைப்பதில்லை.

பிள்ளையின் கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருப்பதும் உண்டு. "அங்கே ஸ்கூல் லீவா?" என்று கேட்கும் பிள்ளை உண்மையில் கேட்பது, அங்கே என்னைப் போன்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதாக இருக்கலாம். "மிலிட்டரியில் இருந்தால் செத்துப்போவாங்களா?" என்று கேட்கும் பிள்ளையின் சித்தப்பா இராணுவத்தில் இருக்கலாம். ஆகவே பதில் சொல்வதற்கு முன், "நீ என்ன கேள்விப்பட்டாய்?" என்று திருப்பிக் கேட்பது நல்லது. மிகச் சிறு பிள்ளைகள் விஷயத்தில் உளவியலார் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒரே கட்டடம் இடிவதைத் தொலைக்காட்சி பத்து முறை காட்டினால், சிறு பிள்ளை பத்துக் கட்டடங்கள் இடிந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடும். நமக்கு அது மறு ஒளிபரப்பு. அதற்கு ஒவ்வொன்றும் புதிது. இதைத் தெரிந்துகொண்டாவது சாப்பாட்டு நேரத்தில் செய்தி அலைவரிசையை அணைத்து வைக்கலாம்.

வெளியூர்ப் போர் நமக்கு வெளியூர்ப் போராகவே இருந்ததும் இல்லை. 1983 ஜூலைக்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்களுக்கு மாநிலம் முழுவதும் முகாம்கள் அமைந்தபோது சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் அமைந்தன. 1983 முதல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 2021இல் அரசு இந்த முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியபோது, ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். இயேசு சபை அகதிகள் பணியினர் 1990 முதல் முகாம் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்து வந்திருக்கிறார்கள்.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வகுப்பில் இலங்கைப் போர் பற்றிப் பேச்சு வரும்போது, முகாமிலிருந்து வரும் பிள்ளையை எழுப்பி, "நீ சொல், உங்கள் ஊரில் என்ன நடந்தது?" என்று கேட்கவே கூடாது. நல்லெண்ணத்தோடுதான் கேட்போம். ஆனால் அந்தப் பிள்ளை இங்கேயே பிறந்த பிள்ளை. அதன் அம்மாவும் இங்கேயே பிறந்திருக்கலாம். போரை அது பார்த்ததில்லை. வீட்டில் திடீரென்று பேச்சு நின்றுபோகும் நேரங்களைத்தான் பார்த்திருக்கிறது. எழுப்பிக் கேட்டால் அந்த நாளிலிருந்து வகுப்புக்கு அது அகதிப் பிள்ளை ஆகிவிடும். தானாகச் சொல்ல வந்தால் காது கொடுப்போம். சொல்லாமல் இருக்கவும் அதற்கு உரிமை உண்டு.

இந்தப் பொறுமையை நமக்குச் சொல்லித் தருவதற்குக் கிழக்கிலங்கையில் ஓர் இடம் இருந்தது. மட்டக்களப்பில் 1990இல் நடந்தவை கொடியவை. அந்த ஆண்டு ஆகஸ்டு 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள், குழந்தைகள் உட்பட, இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். அருகருகே இருந்த தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று பார்க்க அஞ்சின. அந்த மண்ணில்தான் 1996இல் இயேசு சபை அருட்தந்தை பால் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தத்தம் ஊர்களிலிருந்து பேருந்தில் அங்கே வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். நடந்ததைத் துருவிக் கேட்பதைவிட விளையாட்டுக்கும் கலைக்குமே அங்கே முதலிடம். பிள்ளை தன் கதையைச் சொல்ல விரும்பினால் வண்ணத்திலும் மண்ணிலும் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் உடன் பணியாற்றியவர்களும் போரின் நடுவே வேறொரு வழியில் உழைத்தார்கள். பிள்ளையின் மாற்றத்தைத் தினமும் கூட இருக்கும் ஆசிரியரே முதலில் கவனிக்க முடியும் என்பதால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்குவது, சத்தம் கேட்டால் துள்ளி விழுவது, காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்பது, ஓயாமல் சண்டை போடுவது. இவற்றை அடங்காமை என்று எண்ணிப் பிரம்பை எடுக்கும் இடத்தில், இது காயமாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசிக்கும் ஆசிரியர் அந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவி செய்கிறார். போர் இல்லாத ஊரிலும் இது பொருந்தும். குடித்துவிட்டு வரும் அப்பாவின் வீடும் பிள்ளைக்குப் போர்க்களம்தானே.

இப்போது நம் வாசலுக்கே வருவோம். மேட்டூர்ப் பிள்ளைகளுக்கு மற்ற எந்தப் போரையும்விட நெருக்கமானது காவிரிப் பிரச்சினை. இதைப் போர் என்று சொல்லக்கூடாது என்பது சரிதான். ஆனால் 1991 டிசம்பரில் நடந்ததை அனுபவித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நடுவர் மன்றம் அந்த ஆண்டு ஜூனில் 205 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்புக் கொடுத்தது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானவுடன் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்து ஊர்களிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டிய துணியோடு எல்லை தாண்டி வந்தன. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 செப்டம்பர் 12 அன்று, மறுபடியும் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்தில் எத்தனை வீடுகளில் அப்பா லாரி ஓட்டுநர்! அந்த வாரம் ஓசூர் எல்லையில் வண்டிகள் நின்றன. "அப்பா எங்கே வந்துகொண்டிருக்கிறார்?" என்பதுதான் அந்த வீடுகளில் ஒரே கேள்வி. மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடம் இது போர் அல்ல என்று விளக்கம் சொல்லி என்ன பயன்?

இதைச் சொல்லும்போது முழுவதையும் சொல்ல வேண்டும். அதே நாளில் சென்னையில் கர்நாடகத்தாருக்குச் சொந்தமான உணவகம் ஒன்று பெட்ரோல் குண்டு வீசித் தாக்கப்பட்டது. இராமேசுவரத்தில் கர்நாடக வண்டி ஓட்டுநர் அடிக்கப்பட்டார். அவர்களுக்கு நடந்ததை விட்டுவிட்டு நமக்கு நடந்ததை மட்டும் சொன்னால், அது பாடம் அல்ல, பகையின் விதை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகாத ஆசிரியர் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே மேல் என்றுகூட நமக்குத் தோன்றுகிறது.

வேறொரு காரணமும் இருக்கிறது. "கன்னடக்காரன்" என்று வகுப்பில் ஒரு பிள்ளை ஏசும்போது, எந்த வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று ஆசிரியர் நினைத்துப் பார்க்க வேண்டும். சேலத்தில் தறி ஓட்டும் தேவாங்கர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி கன்னடம். எல்லையோர ஊர்களிலும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. ஏசப்படுவது தன் பாட்டியின் மொழி என்று தெரிந்தும் சிரித்து வைக்கிற ஒரு பிள்ளை அந்த வகுப்பிலேயே இருக்கலாம். நாமோ மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் பேருந்து பேருந்தாகப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். எல்லை எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று அந்தப் பயணிகள் யாரும் பார்ப்பதில்லை.

காவிரியைச் சிறு வகுப்பில் விளக்குவதற்கு வழக்குக் கட்டுகள் தேவையில்லை; ஒரு குடம் தண்ணீர் போதும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பங்கீடு தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நான்கு பிள்ளைகளை நான்கு பாத்திரங்களோடு நிறுத்தி, குடம் நிறைந்திருக்கும்போது இந்த அளவுக்குத் தக்கபடி ஊற்றச் சொல்லுங்கள். யாரும் சண்டை போடமாட்டார்கள். பிறகு அரைக் குடத்தை மட்டும் கொடுத்து, இதைப் பங்கிடச் சொல்லுங்கள். வகுப்பே எழுந்து நின்று பேசும். மழை பொய்த்த ஆண்டுகளில்தான் தகராறு முற்றுகிறது என்பதை யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். ஆற்றின் மேற்புறத்துப் பாத்திரத்தை வைத்திருப்பவனுக்கும் வயல் இருக்கிறது என்பதும் அப்போது தெரியும். அடுத்த முறை பாத்திரங்களை இடம் மாற்றிக் கொடுங்கள். சென்ற முறை தஞ்சாவூராக இருந்தவன் இம்முறை மண்டியாவாக இருக்கட்டும். நம் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வதாக யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிமைக்காக வழக்காடுவதும் அடுத்தவர் கடையை எரிப்பதும் ஒன்றல்ல என்பதைப் பத்து வயதுக்குள் புரியவைக்காவிட்டால் பின்னர் மிகவும் கடினம்.

மேட்டூர், கொளத்தூர்ப் பக்கத்தில் இன்னொரு நினைவும் உண்டு. அதைப் பற்றி வகுப்பில் யாரும் பேசுவதில்லை, ஆனால் இடைவேளையில் பிள்ளைகள் அதைத்தான் விளையாடுகிறார்கள். ஒருவன் வீரப்பன், மற்றவர்கள் போலீஸ். மூலக்காட்டில் அவருடைய கல்லறை இருக்கிறது. போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தேடுதல் வேட்டையில் காட்டோரக் கிராமத்து மக்கள் சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்டு வதைக்கப்பட்டார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

"அவர் நல்லவரா கெட்டவரா, சிஸ்டர்?" என்று கேட்டால் என்ன சொல்வது? திரைப்படங்களும் தொடர்களும் தங்கள் பதிலைச் சொல்லிவிட்டன. நாம் வேறொரு பக்கத்திலிருந்து தொடங்கலாம். அந்தக் கண்ணிவெடியில் இறந்தவர்களின் வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள். முகாமில் அடிபட்டவர்களின் வீடுகளிலும் பிள்ளைகள் இருந்தார்கள். வதைகளின் விவரம் சிறு பிள்ளைகளுக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு பிள்ளை, "எங்க தாத்தாவைக் கூட்டிட்டுப் போய் அடிச்சாங்களாம்" என்று சொன்னால், "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று அடக்கிவிடாதிருப்போம். அது அந்த வீட்டின் உண்மை. காவலர் வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கலாம் என்பதையும் மறக்காதிருப்போம்.

மறைக்கல்வி வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாவீது கோலியாத்து கதையை நாம் எவ்வளவு உற்சாகமாகச் சொல்கிறோம்! கவணும் கல்லும் வரைந்து வண்ணம் தீட்டச் சொல்கிறோம். கதையின் முடிவில் ஒரு தலை வெட்டப்படுகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை, பிள்ளைகள் கவனிக்கிறார்கள். மாறாக ஏரோதுக்கு அஞ்சித் திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடிய நிகழ்வைக் கிறிஸ்து பிறப்பு விழாவின் பரபரப்பில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் விழா; அரையாண்டு விடுமுறையில் அது வந்து போவதே தெரிவதில்லை. இரவோடு இரவாகக் கைக்குழந்தையோடு அயல்நாட்டுக்குப் போன குடும்பம் அங்கே எங்கே தங்கியது, என்ன மொழி பேசியது, யார் சோறு போட்டது என்று பிள்ளைகளையே யோசிக்க விட்டுப் பாருங்கள். முகாமிலிருந்து வரும் பிள்ளையின் பெயரைச் சொல்லாமலே அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் ஓர் இடம் கிடைத்துவிடும். (நம் ஆலயத் திருவிழாக் கடைகளில் பொம்மைத் துப்பாக்கிக்கு என்ன வேலை என்பதைப் பங்குப் பேரவைகள் எப்போதாவது விவாதிக்கலாம். ஆடிப்பெருக்குக்கு மேட்டூரில் போடும் கடைகளை நாம் கட்டுப்படுத்த முடியாது; ஆலய வளாகத்தைக் கட்டுப்படுத்தலாம்.)

இவற்றுக்கெல்லாம் பாடவேளை எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு அமைதிக்கான கல்வியை வலியுறுத்தியது. அதைத் தனிப்பாடமாக வைக்கச் சொல்லவில்லை. எல்லாப் பாடங்களிலும் கலந்து வரவேண்டும் என்றது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் 1979ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியும் அமைதியைக் கற்பிப்பதையே கருப்பொருளாகக் கொண்டிருந்தது. நல்ல எண்ணங்கள்தான். ஆனால் எல்லாப் பாடத்திலும் கலந்தது எந்தப் பாடத்திலும் இல்லாமல் போவதும் நமக்குத் தெரியும். ஆகவே பெரிய திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஊரை உலுக்கும் செய்தி வந்த மறுநாள் காலை, முதல் பாடவேளையில் பத்து நிமிடம் புத்தகத்தைத் திறக்காமல் இருக்கலாம். பேச விரும்புகிறவர்கள் பேசட்டும், மற்றவர்கள் வரையட்டும். வரைந்ததைச் சுவரில் ஒட்டிப் போட்டி வைக்க வேண்டாம்.

இன்னும் ஒரு வழி நம் ஊருக்கே உரியது. அணையின் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்களும் ஜலகண்டேசுவரர் கோவிலின் நந்தியும் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன. ஒரே ஊரில் இருந்து ஒரே தண்ணீரில் மூழ்கியவை. அங்கே பிள்ளைகளை அழைத்துப்போனால் யார் அடித்தார், யார் அடிபட்டார் என்ற பேச்சே இல்லாமல், ஊரை இழப்பது என்றால் என்ன என்று பேச முடியும். கோபுரம் தெரிகிற ஆண்டில் டெல்டாவில் குறுவைக்குத் தண்ணீர் இருக்காது. ஜூன் 12 அன்று மதகு திறக்காமலும் போகலாம். அதையும் அங்கேயே நின்று சொல்லலாம். பரிசல் துறையில் பிள்ளைகளைக் கரையோரம் விடாமல் பார்த்துக்கொள்ளக் கூடுதலாக இரண்டு பெற்றோர் வேண்டும். மூழ்கிய ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள் என்பது பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி. அந்த ஊர்களிலிருந்து பெயர்ந்தவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, அன்றைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.